ஆளுக்கு ஒரு ரேசர் வேண்டும், தோழிகளே!

இந்த விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். சமையல் குறிப்பு, கோலம், பிள்ளை வளர்ப்பு, மாமியார் பிரச்னை என்று எதை எதையோ எழுதுகிறோம். கக்கத்து முடி, கால் முடி பற்றி மட்டும் பேச வாய் வருவதில்லை. அப்படிப் பேசாமலே விட்டதால் வீட்டுக்கு வீடு என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆண்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் புரட்டினால் படிக்கட்டும். அவர்களுக்கும் தெரிய வேண்டியதுதானே!

என் வீட்டுக்காரர் சவரம் செய்வதைப் பார்த்தால் ஏதோ பூஜை மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் நாற்காலி போட்டு, ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி, சொம்பில் வெந்நீர், பிரஷ், கிரீம் எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் அரை மணி நேரம்! நடுவில், "காபி வரலையா?" என்று குரல் வேறு. இதே வேலையை நாம் எப்படிச் செய்கிறோம்? குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அழுது வடிகிற பல்பு வெளிச்சத்தில், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "இன்னுமா குளிக்கிறே?" என்று யாராவது கதவைத் தட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். அதுவும் எதை வைத்து? பல வீடுகளில் அவர் போட்டுத் தேய்ந்து, 'இனி ஆகாது' என்று ஓரமாக வைத்த பிளேடை வைத்து! முகத்துக்கு ஆகாத பிளேடு நம் கக்கத்துக்கு மட்டும் ஆகுமா?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் கோ-கோ அணியில் சேர்த்தார்கள். அரைக்கால் டவுசர் போட வேண்டும். யாரோ காலைப் பார்த்துக் கேலி செய்துவிட்டார்கள் போல. வீட்டில் கேட்கக் கூச்சம். அண்ணன் வைத்திருந்த பிளேடை இரண்டாக உடைத்து, பாதித் துண்டை வெறும் விரலில் பிடித்துக்கொண்டு முழங்காலுக்குக் கீழே இழுத்திருக்கிறாள். எலும்பு மேலே தோல் மெலிந்த இடம். இரண்டு அங்குலத்துக்கு வெட்டி விட்டது. அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து துண்டைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அத்தை, அம்மாட்ட சொல்லிராதீங்க" என்று ஒரே அழுகை. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்த பிறகுதான் ரத்தம் நின்றது. "சொல்லாம இருக்க முடியாதும்மா. திட்டாம இருக்கச் சொல்றேன்" என்று சொல்லி, அவள் அம்மா வந்ததும் நானே கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் தையல், டி.டி. ஊசி எல்லாம் போட்டுத்தான் அனுப்பினார்கள். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "இந்த வயசுல இது எதுக்குடி உனக்கு?" என்பதுதான்.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. முடி வளர்வது நோய் அல்ல, அழுக்கும் அல்ல. அதை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெண்களுக்கென்று தனி ரேசர் விற்க ஆரம்பித்ததே ஒரு வியாபாரக் கதைதான். 1915-ல் அமெரிக்காவில் ஜில்லெட் கம்பெனி 'மிலேடி டெகொலேட்' என்று பெயர் வைத்து ஒரு ரேசரைக் கொண்டுவந்தது. அப்போது அங்கே கையில்லாத கவுன் நாகரிகமாகி வந்த காலம். கக்கம் வெளியே தெரிந்தால் அவமானம் என்று விளம்பரம் செய்தே பழக்கி விட்டார்கள். ஆகவே வேண்டாம் என்கிறவர்கள் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் வேண்டும் என்று ஒரு பெண் நினைத்துவிட்டால் அவள் எப்படியும் செய்யத்தான் போகிறாள். திருட்டுத்தனமாக உடைந்த பிளேடில் செய்வதா, நாம் வாங்கிக் கொடுத்ததில் ஒழுங்காகச் செய்வதா என்பதுதான் கேள்வி.

நம் வீட்டு ஆண்கள் சலூனில் போய் உட்கார்ந்ததும் முதலில் சொல்வது, "புது பிளேடு போடுங்க" என்பதுதான். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம் சென்னையில். அதற்குப் பிறகு வந்த விழிப்புணர்வில்தான் ஆளுக்கு ஒரு பிளேடு என்பது சலூன்களில் பழக்கமாயிற்று. திருப்பதியில் முடி இறக்கப் போனாலும் ஆளுக்குப் புது பிளேடுதான். சலூன்காரரிடமும் சாமி சந்நிதியிலும் கேட்கிற சுத்தத்தை, வீட்டுக்குள் கணவனும் மனைவியும் மகளும் ஒரே ரேசரை வைத்துக்கொள்ளும்போது ஏன் யாரும் கேட்பதில்லை?

"வீட்டு ஆளுங்கதானே, என்ன வந்துடப் போகுது?" என்பீர்கள். எச்.ஐ.வி. கிருமி வெளிக்காற்றில் சீக்கிரம் செத்துவிடும். ஆனால் மஞ்சள் காமாலை உண்டாக்கும் 'ஹெபடைடிஸ் பி' கிருமி காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் வரை உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். உடம்பில் இருப்பதே தெரியாமல் பல வருஷம் நடமாடுகிறவர்கள் உண்டு. இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போட்டுவிடுகிறார்கள். நம் வயதுக்காரர்களில் பலருக்குச் சின்ன வயதில் இந்த ஊசியே போட்டதில்லை. இதைவிட அன்றாடம் பார்ப்பது படர்தாமரையும் மருவும். என் நாத்தனார் மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு அறையில் நாலு பெண்கள், நாலு பேருக்கும் ஒரே ரேசர். ஒருத்திக்குக் கக்கத்தில் படர்தாமரை வந்தது. தீபாவளி லீவுக்கு வரும்போது நாலு பேருக்கும் இருந்தது! துண்டு, துணி மாற்றிக் கட்டியதும் காரணமாக இருக்கலாம். ஆனால் டாக்டர் அம்மா முதலில் தூக்கிப் போடச் சொன்னது அந்த ரேசரைத்தான்.

சரி, எதை வாங்குவது? எங்கள் ஊர் பேன்சி ஸ்டோரில் தொங்குகிற வகைகளைப் பார்த்தால் தலை சுற்றும். ரோஸ், ஊதா, பூப்போட்டது, பெட்டியில் வைத்தது... நான் சொல்வது ஒன்றுதான்: நிறத்தைப் பார்க்காதீர்கள். தலைப்பகுதியையும் கைப்பிடியையும் பாருங்கள்.

பழைய காலத்து இரும்பு ஷேவிங் செட் இருக்கிறதே, மேலே மூடியைத் திருகி நடுவில் இரண்டு பக்கப் பிளேடு வைப்பது, அது செலவு குறைந்தது. பிளேடு சில ரூபாய்தான். ஆனால் அதைச் சாய்த்துப் பிடிக்கும் கோணம் கொஞ்சம் மாறினாலும் வெட்டும். கண்ணாடியில் முகம் பார்த்துச் செய்கிறவர்களுக்கு அது சரி. கண்ணுக்குத் தெரியாத கக்கக் குழியில், பழக்கமில்லாத கைக்கு அது வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

அடுத்தது, முழுக்கப் பிளாஸ்டிக்கில் வருகிற 'யூஸ் அண்ட் த்ரோ'. அவசரத்துக்கு, ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டுபோக, முதல் முறை பழக இது போதும். கைப்பிடி லேசாக இருப்பதால் நாம் நம்மை அறியாமல் அழுத்தி இழுத்துவிடுவோம். அது ஒன்றுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கிப் போட வேண்டியதை ஆறு மாதம் வைத்திருப்பதும் நம் பழக்கம்!

மூன்றாவது, கைப்பிடி நிரந்தரமாக இருந்து, தலையை மட்டும் மாற்றுகிற வகை. எனக்குப் பிடித்தது இதுதான். பெண்களுக்கென்று வருகிறதில் தலை ஓரங்கள் வளைவாக இருக்கும். முழங்கால், கணுக்கால், கக்கம் என்று மேடு பள்ளத்தில் மூலை குத்தாது. தலை முன்னும் பின்னும் ஆடிக் கொடுக்கும். கைப்பிடி தடிமனாக, சோப்பு நுரையில் வழுக்காதபடி ரப்பர் வைத்திருக்கும். பிளேடுக்கு மேலே வழவழப்பாக ஒரு பட்டை இருக்கும். தண்ணீர் பட்டதும் அது தோலில் வழுக்கிக்கொண்டு போகும். மூன்று பிளேடு இருந்தாலே கைக்கும் காலுக்கும் தாராளம். ஐந்து பிளேடு இருந்தால் இன்னும் ஒட்ட வழிக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுருட்டை முடிக்காரர்களுக்கு அப்படி ஒட்ட வழிப்பதே தொல்லை. வெட்டிய முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து சின்னச் சின்னக் கட்டியாகிவிடும். அவர்களுக்கு ஒன்றோ இரண்டோ பிளேடு உள்ளதுதான் நல்லது.

இங்கே ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். 2010-ல் அதே ஜில்லெட் கம்பெனி நம் நாட்டு ஆண்களுக்கென்றே 'கார்டு' என்று ஒரு ரேசரை 15 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அதற்காகக் கம்பெனிக்காரர்கள் இந்திய வீடுகளுக்கே வந்து, ஆண்கள் தரையில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் எப்படிச் சவரம் செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தார்களாம். ஒரே பிளேடு, தோலை வெட்டாமல் தடுக்கச் சீப்பு மாதிரிப் பல்வரிசை, கொஞ்சம் தண்ணீரிலேயே கழுவ வசதி! அதேபோல ஒரு பக்கெட்டும் மக்கும் வைத்துக்கொண்டு நாம் படுகிற பாட்டையும் யாராவது வந்து கேட்டிருந்தால், மாட்டி வைக்க ஒரு கொக்கியாவது நீளமாக வைத்திருப்பார்கள்.

விலை விஷயத்தில் ஏமாறாதீர்கள். 2015-ல் நியூயார்க் மாநகர நுகர்வோர் துறை கடை கடையாகப் போய்க் கணக்குப் பார்த்ததில், சோப்பு, ஷாம்பு, ரேசர் மாதிரி உடம்புக்குப் பயன்படுத்தும் சாமான்களில் பெண்களுக்கென்று விற்பது ஆண்களுடையதைவிட சராசரியாக நூற்றுக்கு 13 கூடுதல் விலை என்று தெரிந்தது. நியூயார்க் மாநிலத்தில் 2020-லும், கலிபோர்னியாவில் 2023-லும் இதைத் தடுக்கச் சட்டமே வந்துவிட்டது. நம் கடைகளில் நாம்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். ஆண்கள் பிரிவில் இருப்பதை வாங்கினால் ஒன்றும் ஆகிவிடாது. வெட்டும் பிளேடுக்கு ஆண் பெண் தெரியாது. உங்கள் கைக்குப் பிடிமானமாக இருந்து, உங்கள் ஒருத்திக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் போதும். இன்னொன்று, கைப்பிடியின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள். அதற்கு மாற்றுகிற தலை என்ன விலை, நம் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கைப்பிடியை மலிவாகக் கொடுத்துவிட்டுத் தலையில் காசு பார்ப்பதுதான் இந்த வியாபாரமே!

வாங்கப் போகும்போது கூச்சமா? நான் மாத மளிகை லிஸ்டில் கடுகு, சீரகத்துக்கு நடுவில் 'ரேசர் 1' என்று எழுதிவிடுவேன். கடைக்காரத் தம்பி நாப்கினை மட்டும் இன்னமும் கறுப்புக் கவரில் சுற்றிக் கொடுக்கிறார். ரேசரைச் சாதாரணமாகப் பையில் போட்டுவிடுகிறார், வீட்டுக்காரருக்கு என்று நினைத்துக்கொண்டு!

பேட்டரியில் ஓடுகிற ட்ரிம்மர், லேடீஸ் ஷேவர் பற்றியும் சொல்ல வேண்டும். என் மாமியாருக்கு அறுபத்துநாலு வயது, சர்க்கரை வியாதி. வெயில் காலத்தில் கக்கத்தில் வியர்த்து வியர்த்துக் கட்டி வரும். தோள்பட்டை பிடித்துக்கொண்டதால் கையைத் தூக்கவே முடியாது. கத்தரிக்கோலை வைத்துத் தடவித் தடவி வெட்டிக்கொள்வார்கள். 'வயசான காலத்துல மாமியாருக்கு ஷேவரா?' என்று சிரிக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சின்னக் கீறலும் ஆற நாளாகும். ட்ரிம்மரில் பிளேடு நேராகத் தோலில் படாது, பல்லுக்குள்ளே ஓடும். ஷேவரில் பிளேடுக்கு மேலே மெல்லிய தகட்டு வலை இருக்கும். ரேசர் அளவுக்கு ஒட்ட வழிக்காது, குறுகத்தான் வெட்டும். அவர்களுக்கு அதுதானே வேண்டும்! இப்போது மாதம் ஒருமுறை நானே பிடித்துவிடுகிறேன். முதல் தடவை, "வேணாம்மா, வேணாம்மா" என்று கூசினார்கள். இப்போது அவர்களே, "சார்ஜ் போட்டியா?" என்று கேட்கிறார்கள். வாங்கும்போது தண்ணீர் பட்டால் தாங்குமா என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கும் என்றாலும் சார்ஜில் போட்டபடி குளியலறைக்குள் கொண்டு போகவே கூடாது.

மறைவிடத்து முடியைப் பற்றிப் பலர் மனதில் சந்தேகம் இருக்கும். அந்த முடி அங்கே உராய்வைத் தாங்கத்தான் இருக்கிறது. வழிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதிகமாக இருக்கிறது, மாதவிலக்கு நாளில் தொல்லை என்றால் ட்ரிம்மரோ கத்தரிக்கோலோ வைத்துக் குறைத்துக்கொண்டால் போதும்.

இதைப் படிக்கும் கர்ப்பிணிப் பெண்களும் அவர்கள் அம்மாக்களும் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போவதற்கு முந்தின ராத்திரி, 'அங்க போனா நர்ஸ் திட்டுவாங்க' என்று வீட்டிலேயே பிளேடால் வழித்துவிட்டுப் போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. என் தங்கைக்கும் அப்படித்தான் வழித்துவிட்டார்கள். வெட்டுக்காயத்தோடு போய்ச் சேர்ந்தாள். பிரசவ வலியைவிட அந்த எரிச்சல்தான் பத்து நாள் படுத்தியது என்று இன்றைக்கும் சொல்வாள். சுகப்பிரசவத்துக்கு முன்னால் வழக்கமாக முடியை வழிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. ஆபரேஷனுக்கும் அப்படித்தான். கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்றால் கிளிப்பர் மெஷினால் வெட்டலாம், ரேசரால் வழிக்கவே கூடாது என்று 2016-லேயே சொல்லிவிட்டார்கள். வழிக்கும்போது ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கிருமி போய் உட்காருகிறது. ஆகவே தேதி நெருங்கும்போது வீட்டில் பிளேடை எடுக்காதீர்கள். வேண்டுமா வேண்டாமா என்று செக்கப்புக்குப் போகும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் கடித்துத் தின்ன மாட்டார்கள்.

'வழிச்சா இன்னும் தடிமனா வளரும்' என்பது நம் பாட்டி காலத்துப் பேச்சு. பக்கத்து வீட்டு அம்மா மகளைத் தடுத்ததும் அதைச் சொல்லித்தான். வயலில் நெற்பயிர் நிற்கும்போது தாளின் நுனி காற்றில் வளையும், தொட்டால் மெத்தென்று இருக்கும். அறுவடை முடிந்து வெறுங்காலோடு நடந்து பாருங்கள், அடித்தாள் குத்து குத்தென்று குத்தும். தாள் தடித்தா போய்விட்டது? நுனி போய்விட்டது, அவ்வளவுதான். முடியும் அப்படியே. வளரும்போது நுனி கூர்மையாக மெலிந்திருக்கும். வெட்டினால் மொட்டையாக நிற்கும், அதனால் முரடாகத் தெரிகிறது. 1928-லேயே மில்ட்ரட் டிராட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, அவரும் ஒரு பெண்தான், இதை அளந்து பார்த்து, சவரத்தால் முடியின் தடிமனும் மாறுவதில்லை, வளரும் வேகமும் மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். அப்படியானால் குழந்தைக்கு முடி அடர்த்தியாக வளரட்டும் என்று நாம் மூன்று மொட்டை போடுகிறோமே என்று கேட்கிறீர்களா? வேண்டுதலுக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடர்த்திக்காகப் போட வேண்டாம்!

கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ அரைத்த பொடி தேய்த்துக் குளித்தால் உடம்பு மணக்கும். எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் வளர்ந்துவிட்ட முடி அதனால் வேரோடு போய்விடும் என்று மகளிடம் நம்பிக்கை கொடுக்காதீர்கள். ஹேர் ரிமூவர் கிரீம் வேறு கதை. அது முடியைக் கரைக்கிற மருந்து, தோலையும் அரிக்கும். முழங்கையில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். வழித்த அன்றைக்கே அதைப் போட்டால் எரிந்து தொலைக்கும்.

வழிக்கும் முறைக்கு வருகிறேன். குளிக்கும் முன்பு அல்ல, குளித்து முடிக்கும் நேரத்தில் செய்யுங்கள். முடி நனைந்து ஊறினால் பாதி வேலை முடிந்தது. வறட்டுத் தோலில் ஒருநாளும் கூடாது. சோப்பு நுரையோ ஷாம்புக்குப் பிறகு போடும் கண்டிஷனரோ தடவிக்கொண்டு, முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே மெதுவாக இழுக்க வேண்டும். அழுத்தக் கூடாது. அழுத்தினால்தான் வெட்டுகிறது என்றால் பிளேடு போய்விட்டது என்று அர்த்தம். கக்கத்தில் மட்டும் முடி நாலு பக்கமும் சாய்ந்திருக்கும். கையை நன்றாகத் தூக்கித் தோலை இறுக்கிக்கொண்டு, மேலிருந்து கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம் என்று எடுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் ரேசரை மக்கில் அலசுங்கள். முடிந்ததும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். சென்டு, பவுடர், ஸ்பிரே எல்லாம் மறுநாள் வைத்துக்கொள்ளலாம். லேசாகக் கீறிவிட்டால் நம் சலூன்காரர்கள் வைத்திருப்பார்களே படிகாரக் கட்டி, அதை நனைத்து ஒத்தினால் ரத்தம் நிற்கும். அந்தக் கட்டியும் ஆளுக்கு ஒன்றுதான்!

ஒரு தலையை ஐந்து முதல் ஏழு தடவைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள் என்று தோல் டாக்டர்கள் சொல்கிறார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை என்றால் ஒன்று மூன்று மாதம் வரும். அதற்குள் துரு தெரிந்தால் உடனே எறிந்துவிடுங்கள். எங்கள் ஊர் மாதிரி போர் தண்ணீரில் உப்புப் படிந்து சீக்கிரம் கெட்டுவிடும். நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி, உதறி, குளியலறைக்கு வெளியே காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள். துண்டில் துடைத்தால் முனை மழுங்கும், துண்டும் கிழியும். யாருடையது என்று தெரிய கைப்பிடியில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிட்டால் குழப்பமே இல்லை.

முகத்தில், தாடையில் முடி வருகிற பெண்களுக்குத் தனியாக ஒன்று. புருவத்துக்கும் உதட்டு மேலேயும் எடுக்கச் சின்ன முக ரேசர் வருகிறது. எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் தாடையில் முரட்டு முடி, அதோடு மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போவது, திடீரென்று எடை கூடுவது, விடாத முகப்பரு எல்லாம் சேர்ந்து வந்தால் அது அழகு விஷயம் அல்ல. சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் கணிசமானவர்களுக்கு இது இருப்பதாகவும், அவர்களில் பலருக்கு இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கல்யாணம் பேசும் நேரம் என்று மூடி மறைத்து ரேசர் போட்டுக்கொண்டே இருக்காமல் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். 'மீசை வச்ச பொண்ணு' என்று கேலி பேசுகிற சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பி வைப்பது நம் பொறுப்பு.

கடைசியாக, தேய்ந்த பிளேடை எங்கே போடுகிறீர்கள்? எங்கள் தெருவில் குப்பை எடுக்க வருகிற அக்கா ஒருநாள் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, "பிளேடும்மா. தாள்ல சுத்தக்கூட இல்ல" என்றார். அன்றிலிருந்து காலிப் பவுடர் டப்பா ஒன்றில் பழைய பிளேடு, ரேசர் தலை எல்லாம் போட்டு வைக்கிறேன். நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, குப்பையில் போடாமல் அவர் கையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டிலும் இப்போது ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு ரேசரும் வந்துவிட்டது. தையல் பிரித்து, கோ-கோவும் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

என் மகள் இப்போது ஆறாவது. இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் அவளும் கேட்பாள். மகளுக்கு முதல் ரேசரை வாங்கிக் கொடுத்த தாய்மார்கள், எந்த வயதில் கொடுத்தீர்கள், என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று இந்தப் பக்கத்துக்கு எழுதுங்களேன்!

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவில்பட்டி.